மூன்று கடலைப் படகு

கொட்டாங்குச்சியைக் கொறித்துக் கொறித்துக் குட்டிப் படகு செய்வது எலிக்குப் பொழுதுபோக்கு.

"எனக்கொண்ணு செஞ்சு தா, தம்பி. என்ன விலை கேக்குறே?" என்றது நாரை.

எலி கணக்குப் போட்டது. ஓடு சும்மா கிடைத்தது, பிசின் மரத்தில் வழிகிறது. வேறென்ன கேட்பது? "மூணு கடலை போதும்ணே."

"அவ்வளவுதானா!" என்று நாரை உடனே தலையாட்ட, எலிக்குத் தூக்கம் போயிற்று.

நார் முறுக்கிப் பாய் கட்டி முடிப்பதற்குள் மழைக்காலம் நெருங்கிவிட்டது. இரை தேடப் போகாததால் வளை காலி. 'அடுத்ததுக்கு முப்பது' என்று உள்ளே நடந்து நடந்து சொல்லிப் பழகியது.

படகை வாங்கிப்போன நாரை ஏரியெல்லாம் புகழ்ந்தது. மறுநாளே வளை வாசலில் கொக்கு நின்றது.

"நாரையண்ணன் சொன்னாரு. எனக்கும் மூணுதானே?"

முப்பது என்று சொல்லத்தான் எலி வாயைத் திறந்தது; வந்ததோ இதுதான்:

"மூணு எதுக்கு? ரெண்டு குடுங்கண்ணே, போதும்."