குச்சி நட்ட பாத்தி

எங்கள் தோட்டத்து டேலில்லிச் செடி இன்று முதன்முதலாகப் பூத்துவிட்டது. சிலந்திக் கால்களைப் போல ஒல்லியான, நீண்ட இதழ்கள்.

"நீயே விதை போட்டு வளர்த்ததா? உன் கைராசியே கைராசி!" என்று வேலிக்கு அப்பால் நின்று வியந்தார் பக்கத்து வீட்டு அக்கா. என் மனைவி சும்மா சிரித்தாள். எனக்குத்தான் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

அக்கா உள்ளே போனதும் போட்டு உடைத்துவிட்டேன்.

"இது உன் செடி இல்லம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தப்ப, களை எடுக்கிறேன்னு உன் நாத்தையெல்லாம் பிடுங்கிட்டேன். பார்க்கப் புல்லு மாதிரியே இருந்துச்சு. அப்புறம்தான் நீ 'டேலில்லி'ன்னு பேர் எழுதி நட்ட குச்சியைப் பார்த்தேன். பயந்துபோய் நர்சரியில இதை வாங்கி வச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் திட்டவே இல்ல?"

அவள் ஒரு பழுத்த இலையைக் கிள்ளினாள்.

"நீங்க பிடுங்கினது புல்லுதான். என் விதை ஒண்ணுகூட முளைக்கல."

"அப்ப அந்தக் குச்சி?"

"'நீ தொட்டது எது உருப்பட்டிருக்கு?'ன்னு எல்லார் எதிர்லயும் கேப்பீங்களே. அதுக்குப் பயந்துதான் புல்லுக்குப் பேர் எழுதி வச்சு, தினமும் தண்ணி ஊத்தினேன்."