காவலுக்கு நின்ற கடுகு

ஒரு ஊரில் ஒரு முட்டைக்கோசுத் தோட்டம் இருந்ததாம். அதன் ஓரத்தில் ஒரு வரிசை கடுகு விதைத்திருந்தார்கள். அதில் ஒரு கடுகுச் செடிக்குத் தான்தான் தோட்டத்துக்கே காவல் என்று நினைப்பு.

"என் காரத்துக்கு எந்தப் பூச்சியும் அண்டாது. நீ நிம்மதியா இரு தம்பி," என்று பக்கத்துக் கோசிடம் தினமும் சொல்லும்.

"சரிண்ணே," என்று கோசும் தலையாட்டும்.

ஒரு சாயங்காலம் சாம்பல் நிறத்தில் ஒரு அந்துப்பூச்சி வந்தது. கடுகு தன் காரநெடியையெல்லாம் திரட்டி வீசியது. பூச்சி நேராக அதன் இலையிலேயே வந்து உட்கார்ந்தது.

"எங்க முப்பாட்டன் காலத்துல இந்த நெடி பட்டா செத்தே போவாங்களாம். இப்ப எங்களுக்கு இதுதான்ணே சாப்பாட்டு வாசம். நீங்க இல்லேன்னா அந்தக் கோசுக்குத்தான் போயிருப்பேன்," என்று சொல்லிக்கொண்டே முட்டையிட்டது.

கடுகு மெல்லக் கோசின் பக்கம் திரும்பியது. "அதுக்குத்தான் என்னை இங்க விதைச்சாங்களா? உனக்குத் தெரியுமா?"

கோசு தன் இலைகளை இன்னும் இறுக்கிக்கொண்டது. "தெரியும்ணே. எனக்கும் உயிர்மேல ஆசை."

அதற்குமேல் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. கடுகு நெடியை அடக்கிப் பார்த்தது, முடியவில்லை.

"அக்கா தங்கச்சிகளையும் கூட்டிட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டுப் பூச்சி பறந்து போனது.