சஹனுக்கு ஒரு துணை

"ஒன் சஹன்ல உக்காரட்டுமா, அக்கா?"

செங்கல்பட்டுக் கல்யாணத்தில் முன்பின் தெரியாத பெண் கேட்டதும் ஃபக்ருன்னிசா நெகிழ்ந்துபோனாள். சஹன் என்ற ஒரே பெரிய தட்டில் கூடிச் சாப்பிடும் விருந்தில் அவளைத் தேடி இதுவரை யாரும் வந்ததில்லை.

நாலு வாய் பிரியாணியோடு ஃபக்ருன்னிசா கையை எடுத்துவிட்டாள்.

"ஒல்லியா கீறியே, அதான் வந்தேன்," என்றாள் வந்தவள். "ஆறு வருசம் முந்தி கோவளத்துக் கல்யாணத்துல யானையாட்டம் ஒரு பொம்பள சஹன்ல மாட்டிக்கினேன். கறி பூரா அதுவே தின்னுச்சு. நான் பசியோட வூட்டுக்குப் போனேன்."

"அந்த யானைக்கு அல்சர் வந்து, வயித்துல பாதிய அறுத்து எடுத்துட்டாங்க. இன்னிக்கும் நாலு வாய்க்கு மேல எறங்காது. இனிப்பு தின்னா மயக்கம் வருது," என்றாள் ஃபக்ருன்னிசா.

"அடப் பாவமே. ஒனக்கு இன்னா வேணும் அது?"

"நான்தாம்மா அது. அன்னிக்கி ஒன் பங்கயும் நான் தின்னேன். இன்னிக்கி என் பங்கயும் நீ தின்னு."

வந்தவள் எழுந்து, கைகூடக் கழுவாமல் போய்விட்டாள்.