மூன்று முறை கேட்ட கேள்வி

"இந்தத் தண்டனைக்கு மறுப்பு ஏதாவது உண்டா, மிஸ்டர் பெக்?" என்று கேட்டார் நீதிபதி ஓல்ஸ்டாட்.

"இல்லீங்க, யுவர் ஆனர்" என்றார் வக்கீல் பெக்.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் எரிச்சலோடு நிமிர்ந்தாள். மகன் டெரிலுக்குப் பதினைந்து வருஷம் ஜெயில் என்று சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் இப்படி ஒரு கேள்வி!

ஜெயிலுக்குப் போய் வந்தவன் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது சட்டம். டெரில் தொட்டான், வேட்டைக்கு. அதை ஒத்துக்கொண்டும் விட்டான். ஆனால் இளவயதில் ஏரிக்கரையில் மூன்று படகுக் கொட்டகைகளின் பூட்டை உடைத்திருந்தானே, அதையெல்லாம் வீடு புகுந்த திருட்டு என்று சேர்த்ததில்தான் தண்டனை இப்படி ஊதிவிட்டது.

"நல்லா யோசிங்க. ஒண்ணுமே இல்லையா?" நீதிபதி விடவில்லை.

"இல்லீங்க."

"அந்தக் கொட்டகை விஷயத்துலகூடவா?"

பெக் திருதிருவென்று விழித்தார். "அது... படகுக் கொட்டகை வீடு ஆகாதுங்க. மறுக்கிறேன்."

"சத்தமா சொல்லுங்க. பதிவாகணும்."

சொன்னார்.

"தள்ளுபடி. மேல்கோர்ட்டோட பழைய தீர்ப்பு அதை வீடுன்னுதான் சொல்லுது. நான் அதை மீற முடியாது."

"பாத்தியாக்கா?" தங்கை கார்லா காதைக் கடித்தாள். "வாயைக் கிண்டி வரவழைச்சு மூஞ்சியிலேயே அடிக்கிறான். எலியைப் பிடிச்ச பூனை மாதிரி!"

மார்லிஸுக்குத் தண்டனைகூடப் புரிந்தது. அந்தக் கேள்விதான் புரியவில்லை. கொடுப்பதைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? எதற்கு மூன்று முறை?

பெக் அப்பீல் போட்டதும் செயின்ட் பால் நகரத்து மேல்கோர்ட்டுக்கும் போய் உட்கார்ந்தாள். அங்கே நீதிபதிகள் பெக்கிடம் கேட்ட முதல் கேள்வியே, "இதைக் கீழ்கோர்ட்டுலயே சொன்னீங்களா?" என்பதுதான்.

"சொன்னேன்" என்று பெக் அன்றைய பதிவை வாசித்துக் காட்டினார். அதன்பிறகுதான் அவர்கள் காது கொடுத்தார்கள்.

வசந்தத்தில் பெக்கே அவள் வீட்டுக்கு வந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா! பழைய தீர்ப்பே தப்புன்னுட்டாங்க. கொட்டகை வீடு இல்லை. தண்டனையைக் குறைச்சுப் போடச் சொல்லி கேஸைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

மார்லிஸ் அழுதாள், சிரித்தாள், புளிப்பான ருபார்ப் தண்டு போட்டுச் செய்த கேக்கை வெட்டி அவர் முன்னால் வைத்தாள்.

"யார்கிட்ட திருப்பி?"

"அதே ஜட்ஜ்கிட்டதான்."

கத்தி கீழே விழுந்தது. "அந்த ஓல்ஸ்டாட்கிட்டயா? அன்னைக்கு உங்களையே அவ்வளவு கேவலப்படுத்தின ஆளு! நீங்க விடாம மறுத்ததாலதான் என் பிள்ளை பிழைச்சான்."

பெக் கேக்கைத் தொடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கம்மா மறுத்தேன்? எனக்கு அது சுத்தமா மறந்துபோச்சு. ரெண்டு தடவை இல்லைன்னேனே, நீங்களும் கேட்டீங்களே. அங்க சொல்லாததை மேல்கோர்ட்டுல புதுசா கிளப்பினா லேசுல எடுபடாது. பழைய தீர்ப்பு அவர் கையைக் கட்டிப்போட்டிருந்தது, அவரால குறைக்க முடியலை. அதான் என் வாயிலேர்ந்து பிடுங்கிப் பதிவாக்கிட்டுத் தள்ளுபடி பண்ணார்."

மார்லிஸ் மீதிக் கேக்கை அப்படியே டப்பாவில் வைத்து மூடி அவரிடம் நீட்டினாள்.

"ஜட்ஜ்கிட்ட கொடுங்க."

"ஐயோ, சட்டப்படி வாங்க மாட்டார்மா. தள்ளுபடி பண்ணிடுவார்."

"பண்ணட்டும். நான் கொடுத்தது பதிவானா போதும்."