சொந்த உதாரணம் ஒன்று தருக

"என் பொண்ணைக் கடத்தியிருக்கீங்க மேடம்! இதுக்குப் பேர் கடத்தல்தான்!"

தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவர் போட்ட சத்தத்தில், வராந்தாவில் மணி அடிக்கப் போன ஊழியர் அப்படியே நின்றுவிட்டார்.

வந்தவர் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பேசினால் சுற்றறிக்கை, தும்மினால் விதி எண். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'சர்க்குலர்'. அது அவர் காதுக்கு எட்டாது என்று மற்றவர்கள் நினைப்பு. எட்டிப் பல வருஷங்கள் ஆகின்றன. உள்ளுக்குள் அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"உட்காருங்க சார்."

"உட்காரவா வந்தேன்?" கையிலிருந்த நோட்டைப் பொத்தென்று மேசைமேல் போட்டார். அட்டையில் மகளின் குண்டு குண்டான எழுத்து: பொருளாதாரம், பதினொன்றாம் வகுப்பு.

"காலையில பேனா தேடினேன். அவ பையிலேருந்து இது விழுது. கணக்குல நூறு, அறிவியல்ல தொண்ணூத்தெட்டு எடுத்த பொண்ணு! அறிவியல் பிரிவுல சேர்ந்துட்டான்னு ஆபீஸ் பூரா ஸ்வீட் கொடுத்திருக்கேன். யாரைக் கேட்டு இதுல சேர்த்தீங்க?"

"படிவத்துல அவங்க அம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்க சார்."

வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி! அதைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரோரம் நின்றிருந்த பொருளாதார ஆசிரியை பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே அந்த டீச்சர்? உங்க வகுப்புக்கு ஆள் சேர்க்க என் பொண்ணு மனசைக் கலைச்சிருக்கீங்க. உங்க வேலை நிலைக்க என் பொண்ணு எதிர்காலம்தான் கிடைச்சுதா?"

"என் வகுப்பை மூடினா எனக்கு மாற்றல் வரும் சார். வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல இடம் காலியா இருக்கு. தினம் ரெண்டு பஸ் மாறி வர்ற அலைச்சல் மிச்சம்." டீச்சர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பொண்ணுகிட்ட நானே வேண்டாம்மான்னு ரெண்டு தடவை சொன்னேன்."

கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம். இப்படி நிதானமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கதை வேண்டாம். இந்தாங்க விண்ணப்பம்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "விதி ஏழு. அறுபது நாளுக்குள்ள பிரிவு மாறலாம். இன்னிக்கு ஐம்பத்தெட்டாவது நாள். எண்ணிட்டுத்தான் வந்திருக்கேன்."

தலைமை ஆசிரியை தாளை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்தார். உடனே கையெழுத்துப் போடவில்லை.

"மாத்திடலாம் சார். மாத்தினா பொருளாதாரப் பிரிவுல மீதி ஒன்பது பேர்."

"அதுக்கு?"

"ஒன்பதுன்னா பிரிவையே மூடணும். அந்தப் பிள்ளைங்களுக்கு அறிவியல் பிரிவுக்கு மார்க் போதாது. பொருளாதாரம் இருக்கிற அடுத்த ஸ்கூலுக்குப் போக ஒன்றரை மணி நேரம். அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டோம்னு சேர்க்கை சமயத்துலயே ஆறு பேர் வீட்டுல சொல்லிட்டாங்க. அந்த ஆறு பேருக்கும் படிப்பு இதோட முடிஞ்சுது."

"மூடுங்க. விதின்னா விதி. ஆறு பேர் அழுதா விதி மாறுமா?"

"பிரிவுக்குக் குறைஞ்சது பத்துப் பேர்னு ஒரு சுற்றறிக்கை..."

"எனக்கே விதி சொல்லித் தர்றீங்களா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டார். எப்போது உட்கார்ந்தார் என்பது அவருக்கே தெரியாது. "அந்தச் சுற்றறிக்கையை எழுதினதே நான்தான் மேடம்! எட்டுன்னு போடலாமா, பத்துன்னு போடலாமான்னு அதிகாரி கேட்டார். பத்துன்னே போடுங்க சார், எண்ணச் சுலபம்னு சொன்னதும் நான்தான்!"

எண்ணச் சுலபமாம்! ஆறு பிள்ளைகளின் படிப்பை இப்படியும் ஒரு மனிதர் காலை டீக்கு நடுவில் தீர்த்துவைக்க முடியும் என்பதைக் கேட்டு, வராந்தாவில் நின்ற ஊழியர் மணி அடிக்கவும் மறந்துபோனார்.

டீச்சர் மேசைக்கு அருகில் வந்தார்.

"இந்த நோட்டைத் திறந்து பார்த்தீங்களா சார்?"

"எதுக்குப் பார்க்கணும்? அட்டையைப் பார்த்தாலே வயிறு எரியுது!"

டீச்சர் கடைசியாக எழுதியிருந்த பக்கத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். "போன வாரம் கொடுத்த வீட்டுப்பாடம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை மட்டும் படிச்சிடுங்க சார்."

கேள்வி, மேலே நீல மையில் இருந்தது: 'ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடும் அடுத்த சிறந்த வாய்ப்பே வாய்ப்புச் செலவு. சொந்த உதாரணம் ஒன்று தருக.'

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

'நான் கைவிட்டது அறிவியல் பிரிவு. அதைக் கைவிடாமல் இருந்திருந்தால் என் தோழிகள் ஒன்பது பேருக்கு வகுப்பே இருந்திருக்காது. பத்துப் பேர் வேண்டும் என்று எழுதியவர் என் அப்பா. அதனால் அந்தப் பத்தாவது ஆளை எங்கள் வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும் என்று அம்மாவும் நானும் முடிவு செய்தோம்.'