சின்ன மோட்டார்

"இந்தச் சனியனை இன்னைக்கே தலைமுழுகிடணும்!" என்றாள் அந்த அம்மாள், பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக.

மெக்கானிக் திடுக்கிட்டு அவளையும் அவள் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் சொன்னது கணவரை அல்ல, அவர் ஓட்டி வந்த பழைய காரை என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

"எங்க நிறுத்தினாலும் மறுபடி கிளம்ப மாட்டேங்குது. சாவியைத் திருகினா 'டொக்'னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் ஆறுற வரைக்கும் நடுரோட்டுல தேவுடு காக்கணும்!"

கணவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பானெட் மேல் ஒரு எண்ணெய்த் துளியைக் கண்டவர், மனைவியின் கையிலிருந்த கைக்குட்டையை உருவித் துடைத்துவிட்டு, கறுத்துப்போனதை அவளிடமே நீட்டினார். அவள் இரண்டு விரலால் அதை வாங்கிக்கொண்டாள்.

பானெட்டைத் திறந்தால் கருகிய நாற்றம் குப்பென்று அடித்தது. போன மாதம்தான் கணவர் ஆசைப்பட்டு, இதே பட்டறையில் இன்ஜின் புகை வெளியேறப் பளபளவென்று ஹெட்டர் குழாய்களை மாட்டச் சொல்லியிருந்தார். அவை இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டாரை உரசாத குறையாகப் போயின. அந்தச் சூட்டில் மோட்டார் வெந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே சொன்னேன் சார். இந்தக் குழாய் பக்கத்துல பழைய மோட்டார் தாங்காது. இதோ பாருங்க, இந்தப் புது மோட்டார் பாதி சைஸ்தான். குழாயை விட்டுத் தள்ளித் திருப்பி மாட்டிடலாம். சின்னதா இருந்தாலும் நல்லா சுத்தும்."

மேஜை மேலிருந்த சின்ன மோட்டாரைச் செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார் அவர். "இதையா? கம்பெனி போட்டது போட்டபடி இருக்கணுங்க."

"குழாயை மட்டும் மாத்தினீங்களே?"

"அது அழகுக்கு."

"அழகாம் அழகு!" அம்மாள் வெடித்தாள். "போன வாரம் ஏரிக்கரையில நின்னுபோச்சு. கொசுக்கடியில உக்காந்து, இவர் பள்ளிக்கூடத்துச் சுவரேறிக் குதிச்ச கதையைக் கேட்டுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி சுடுகாட்டு வாசல்ல. அங்க இவங்க அம்மா கதை!"

கணவரோ குனிந்து காரின் முகப்பைத் தடவிக்கொண்டிருந்தார். என்ன மனுஷன் இவன் என்றிருந்தது மெக்கானிக்குக்கு.

"இப்படியே ஓட்டினா ஒருநாள் மோட்டார் சிக்கி, உள்ள இருக்குற பல்சக்கரமும் போயிடும் சார். அப்புறம் வண்டி படுத்துடும்."

அவர் முகம் வாடியது. "வண்டிக்கு ஆகாதா? ஐயோ, அப்ப சின்னதையே போட்டுடுங்க" என்றவர், மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கை கழுவ வெளியே போனார்.

பெண்டாட்டி கொசுக்கடியில் கிடந்ததற்கு இரங்காதவன் இரும்புக்கு இரங்குகிறான். சீ! மெக்கானிக் வாசல் பக்கம் காறித் துப்பினார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி, "கவலையை விடுங்கம்மா. இனிமே எங்கேயும் நிக்காது. நான் காரண்டி" என்றார்.

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"பழசையே மாட்டிவிட்டுடுங்களேன்."

"என்னம்மா விளையாடுறீங்களா? இவ்வளவு நேரம் நீங்கதானே கரிச்சுக் கொட்டினீங்க!" புருஷனுக்கு ஏற்ற பெண்டாட்டிதான் என்று அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"அவர் எப்படியும் மாத்த ஒத்துக்க மாட்டார்னு நெனச்சுத் திட்டிட்டேங்க" என்றாள் அவள். குரல் இறங்கியது.

"வண்டி நின்னாதாங்க அவர் என்கூடப் பேசுறாரு."