மணிக்கட்டுச் சோதனை

"டாக்டர்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது தம்பி. நல்லா அழுத்திப் பார்க்கச் சொல்லு. அரைகுறையாப் பார்த்து அனுப்பிடப் போறாரு" என்றார் பொன்னுசாமி.

எதிரே உட்கார்ந்திருந்த நாகலிங்கம் தலையாட்டினான். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டிருந்தான். லாங் மவுண்டன் ஊரில் அவர்கள் ஏறிய ரயில், தீவின் தலைநகரான போர்ட் லூயிஸை நெருங்கிக்கொண்டிருந்தது.

யுத்தத்தின்போது லேபர் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியாவுக்குப் போனவன் நாகலிங்கம். பஸ்ரா துறைமுகத்தில் தண்டவாளம் இறக்கும்போது சங்கிலி அறுந்து, மணிக்கட்டு நசுங்கிவிட்டது. ஊர் திரும்பியபோது அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. சர்க்கார் தற்காலிகமாக உதவிப் பணம் கொடுத்தது. இன்று மறுபரிசோதனை. கை இனித் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டால், ஆயுளுக்கும் பணம் வரும்.

பக்கத்தில் அக்கா சிவகாமிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"தூங்கினியாடா?"

"எங்கேக்கா தூக்கம். நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

அவள் அவன் காதருகே குனிந்தாள். "கதவைச் சாத்திக்கிட்டு இத்தனை மாசமாப் பழகினதெல்லாம் இந்த ஒரு நாளைக்குத்தான். பயத்துல கோட்டை விட்டுடாதே."

"மெதுவாப் பேசுக்கா. அவர் காதுல விழப்போகுது."

பொன்னுசாமி அதே ஊரில் கொஞ்சம் நிலத்தில் கரும்பு போடுகிறவர். டாக்டரைப் பார்க்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தானாகவே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அக்கா தம்பி இரண்டு பேருக்குமே தைரியம் வரவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் பழைய பட்டாளத்துக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் எழுந்து ஓடி வந்து நாகலிங்கத்தைக் கட்டிக்கொண்டான். பஸ்ராவில் அவனோடு ஒரே கூடாரத்தில் படுத்த மார்செல்.

"இந்த டாக்டர் நல்ல மனுஷன்" என்று தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கிசுகிசுத்தான் மார்செல். "தொட்டதுமே முகத்தைச் சுளிச்சுக்கோ. வலின்னு சொன்னா நம்பிடுவாரு. என் தோளுக்குப் பணம் உண்டுன்னு இப்பத்தான் சொன்னாரு."

"அவன் பேச்சைக் கேட்காதே தம்பி" என்றார் பொன்னுசாமி. "இருக்கிறதை இருக்கிறபடி காட்டு."

நாகலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். சிவகாமி கூடவே போனாள். பொன்னுசாமியும் நுழைந்தார்.

"இவர் யார்?" என்றார் டாக்டர்.

"ஊர்க்காரன், முசியே. ஓரமா நின்னு பார்த்துக்கிறேன்."

டாக்டர் பழைய அறிக்கையைப் படித்துவிட்டு, நாகலிங்கத்தின் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டார். "மேலே மடக்கு, பார்க்கலாம்."

மணிக்கட்டு சற்றே தயங்கி, மடங்கியது.

"கீழே."

கீழேயும் மடங்கியது. டாக்டரின் புருவம் உயர்ந்தது. "என் விரலைப் பிடி. இறுக்கமாக." நாகலிங்கம் பிடித்த பிடியில் அவர் விரலை உருவிக்கொள்ள வேண்டியிருந்தது. மேஜையின் ஓரத்திலிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். "தூக்கிப் பிடி. நான் சொல்கிறவரை இறக்காதே."

நாகலிங்கம் தூக்கினான். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சிவகாமியின் உதடுகள் "முருகா, முருகா" என்று முணுமுணுத்தன.

"ஃபேர் மால்?" என்று கேட்டார் டாக்டர். வலிக்கிறதா என்று அர்த்தம்.

நாகலிங்கம் குண்டை இறக்காமல் பிடித்திருந்தான்.

டாக்டர் குரலைத் தணித்தார். "யுத்தத்திலே நசுங்கின கை. வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல், போதும். ஆயுளுக்கும் பணம் வருகிற மாதிரி எழுதிவிடுகிறேன்."

நாகலிங்கம் மூலையைப் பார்த்தான். பொன்னுசாமி இமைக்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பா ஃபேர் மால், முசியே" என்றான் நாகலிங்கம். "வலி இல்லை."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த வேலையில் எனக்குப் பிடிக்காதது இதுதான். உன் கை தேறிவிட்டது. கரும்பு வெட்டலாம், மாட்டுவண்டி ஓட்டலாம். இனிமேல் சர்க்கார் பணம் வராது. மன்னித்துக்கொள்."

சிவகாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. டாக்டர் சங்கடத்தோடு எழுந்து, தானே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அவளிடம் நீட்டினார். "அழாதேம்மா. அவன் உழைத்துப் பிழைத்துக்கொள்வான்."

வெளியே விஷயம் தெரிந்ததும் மார்செல் தலையில் அடித்துக்கொண்டான். "ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்றதுக்கு உனக்கு வாய் வரலையா? உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாமே."

நாகலிங்கம் மூச்சைப் பிடித்தபடி பொன்னுசாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொன்னுசாமி நிதானமாக அருகில் வந்தார். அவனுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்த்தார். அப்படியும் இப்படியும் திருப்பினார். பிறகு அந்தக் கையை விடாமலே சொன்னார்:

"கையாலாகாதவனுக்கு என் பொண்ணு கண்ணம்மாவைக் குடுக்க மாட்டேன்னு அன்னிக்கு உங்க வீட்டு வாசல்லயே சொல்லிட்டு வந்தேன், இப்ப கை தேறிடுச்சுன்னு சர்க்கார் டாக்டரே என் கண்ணு முன்னாடி சொல்லிட்டாரு, தையிலயே முகூர்த்தம் வெச்சுக்கலாம், கிளம்புங்க மாப்பிள்ளே."

முந்தானையை விலக்கிய சிவகாமி இன்னமும் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள்.